அமெரிக்காவில் குழந்தைகளுக்கான கார் சீட் சட்டங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் இரண்டு பிள்ளைகளை வளர்த்து வருகிறேன். இங்கே புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்களும், பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டிகளும், காரின் இருக்கையில் பொருத்திக் குழந்தையை உட்கார வைக்கும் கார் சீட்டைப் பற்றி என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அவற்றையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். மாநிலங்கள் இந்தச் சட்டங்களை அவ்வப்போது திருத்துகின்றன. நீண்ட பயணம் கிளம்பும் முன் அந்தந்த மாநிலத்தின் மோட்டார் வாகனத் துறை இணையப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அமெரிக்கா முழுவதற்கும் ஒரே சட்டம் இல்லையா?

இல்லை. சீட்டை எப்படித் தயாரிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் பொறுப்பு. வாகனப் பாதுகாப்புத் தரவிதிகளில் 213ஆம் எண் விதிக்கு உட்பட்ட சீட்டைத்தான் இங்கே விற்கலாம். எந்த வயதுப் பிள்ளை எந்தச் சீட்டில் உட்கார வேண்டும், முன்னால் உட்காரலாமா, மீறினால் அபராதம் எவ்வளவு என்பதையெல்லாம் ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்கிறது.

அட்லாண்டாவிலிருந்து ஆர்லாண்டோவுக்குக் காரில் போகும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு 6 வயது. ஜார்ஜியாவில் 8 வயது நிறையும் வரை அவளுக்கு பூஸ்டர் சீட் (பிள்ளையைச் சற்று உயர்த்தி உட்கார வைக்கும் சீட்) வேண்டும். உயரம் 4 அடி 9 அங்குலத்தைத் தாண்டியிருந்தால்தான் விலக்கு. 75ஆம் எண் நெடுஞ்சாலையில் வால்டோஸ்டாவைக் கடந்து ஃபுளோரிடாவுக்குள் நுழைந்துவிட்டால் சட்டம் மாறிவிடுகிறது. அங்கே கட்டாயம் 5 வயது வரைதான். 6 வயதுப் பிள்ளைக்கு சீட் பெல்ட் போதும். திரும்பி வரும்போது அதே இடத்தில் மறுபடியும் பூஸ்டர் கட்டாயமாகிறது. அரை மணி நேரத்தில் மாறியது சட்டம் மட்டும்தான், மகளின் உடம்பு அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான் யார் கேட்டாலும் முதலில் இதைச் சொல்கிறேன்: சட்டம் சொல்வது குறைந்தபட்ச அளவு. அதற்குக் கீழே போனால் அபராதம். அதற்கு மேலே எவ்வளவு பாதுகாப்புத் தருவது என்பது நம் கையில் இருக்கிறது.

பக்கத்துக் கடைக்குத்தானே போகிறோம், மடியில் வைத்துக்கொண்டால் என்ன?

எனக்கு இதுவே மிகவும் முக்கியமான கேள்வி. முதல் பிரசவத்துக்கு உதவ வந்திருந்த என் அம்மாவும் இதைத்தான் கேட்டார். பிறந்து மூன்று நாளான குழந்தையை வார்களுக்குள் கட்டிப் போடுவதை அவரால் பார்க்க முடியவில்லை. "நாலு பிள்ளையை இந்த மடியில்தானே வளர்த்தேன்" என்றார். அந்தச் சொல்லில் இருந்த அன்பை நான் மறுக்கவில்லை. கணக்கை மட்டும் சொன்னேன்.

50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி பத்தில் ஒரு நொடியில் நின்றுவிடுகிறது என்று வையுங்கள். 5 கிலோ எடையுள்ள குழந்தையை அந்தக் கணத்தில் பிடித்து நிறுத்த, ஏறத்தாழ 70 கிலோ மூட்டையைத் தாங்கும் வலு கையில் இருக்க வேண்டும். அதுவும் எதிர்பாராத நொடியில். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. மடியில் வைத்திருப்பவரே பெல்ட் போடாவிட்டால், முன்னால் பாயும் அவரது எடை முழுவதும் குழந்தையின் மேல் விழும்.

இந்தக் கேள்விக்கு அமெரிக்கச் சட்ட வரலாற்றிலேயே ஒரு பதில் இருக்கிறது. குழந்தைகளுக்கு கார் சீட்டைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் டென்னசி. 1977இல் நிறைவேறி 1978 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. அதற்காகப் பல ஆண்டுகள் போராடியவர் மர்ஃப்ரீஸ்பரோ ஊரைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ராபர்ட் சாண்டர்ஸ். ஆனால் சட்டமன்றத்தில் நுழைந்த ஒரு திருத்தம், பெரியவர் ஒருவர் குழந்தையைக் கையில் வைத்திருந்தால் சீட் தேவையில்லை என்று விலக்கு அளித்துவிட்டது. அந்தத் திருத்தத்தை சாண்டர்ஸ் "குழந்தையை நசுக்கும் திருத்தம்" என்றே குறிப்பிட்டார். விடாமல் முயன்று 1981இல் அதை நீக்க வைத்தார். 1985க்குள் எல்லா மாநிலங்களிலும் கார் சீட் சட்டம் வந்துவிட்டது. நம் வீட்டில் பாட்டி கேட்கும் கேள்வியை டென்னசி சட்டமன்றமும் ஒருகாலத்தில் கேட்டிருக்கிறது என்பதை அம்மாவிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவரே குழந்தையின் வார் சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

எந்தப் பருவத்தில் எந்தச் சீட்?

நான்கு கட்டங்கள். முதலில் பின்னோக்கிய சீட்: குழந்தையின் முகம் காரின் பின்கண்ணாடியைப் பார்த்திருக்கும். அடுத்தது முன்னோக்கிய சீட்: தோள், இடுப்பு, கால்களுக்கு இடையே என ஐந்து முனை வார் இருக்கும். மூன்றாவது பூஸ்டர்: பிள்ளையைச் சற்று உயர்த்தி, காரின் சொந்த பெல்ட் சரியான இடத்தில் படும்படி செய்யும். கடைசியாகத்தான் வெறும் சீட் பெல்ட்.

ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போவதைப் பதவி உயர்வுபோலக் கொண்டாடிவிடுகிறோம். உண்மையில் ஒவ்வொரு மாற்றத்திலும் பாதுகாப்பு ஒரு படி குறைகிறது. சீட்டில் எழுதியிருக்கும் எடை, உயர வரம்பை எட்டும் வரை அவசரப்பட வேண்டாம்.

2 வயதானதும் முன்னோக்கித் திருப்பிவிடலாமா?

கலிஃபோர்னியா, நியூயார்க், இல்லினாய், பென்சில்வேனியா, வாஷிங்டன் உள்ளிட்ட பல மாநிலங்களில் 2 வயது வரை பின்னோக்கிய சீட் கட்டாயம். அதனால் இரண்டாவது பிறந்தநாளன்றே சீட்டைத் திருப்பிவிடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் முன்பு 2 வயது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. 2018இல் அந்த வயதுக் கணக்கையே நீக்கிவிட்டு, சீட்டின் வரம்பு அனுமதிக்கும் வரை பின்னோக்கியே வைத்திருங்கள் என்று மாற்றியது. இன்று கிடைக்கும் பல சீட்டுகளில் அந்த வரம்பு 40 பவுண்டு, அதாவது சுமார் 18 கிலோ. பெரும்பாலான பிள்ளைகள் 3, 4 வயது வரை அதற்குள் அடங்கிவிடுவார்கள்.

காரணம் கழுத்து. சிறு குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை மிகப் பெரியது. கழுத்தெலும்பு இன்னும் இறுகவில்லை. முன்னோக்கி உட்கார்ந்திருக்கும்போது கார் மோதினால் உடம்பை வார் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் வீசப்படும். பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் சேர்ந்து சீட்டின் முதுகில் பதியும். கால் இடிக்கிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு: பிள்ளைகள் சம்மணம் போட்டுக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருப்பார்கள். அது ஆபத்தில்லை.

தமிழர்கள் அதிகம் வாழும் மாநிலங்களில் சட்டம் என்ன சொல்கிறது?

நியூ ஜெர்சிச் சட்டம் 2015 செப்டம்பரில் இறுக்கப்பட்டது. 2 வயதுக்கும் 30 பவுண்டுக்கும் கீழே இருந்தால் பின்னோக்கிய சீட். 4 வயதுக்கும் 40 பவுண்டுக்கும் கீழே இருந்தால், பின்னோக்கிய சீட்டின் வரம்பைத் தாண்டிய பிறகே முன்னோக்கிய ஐந்து முனை வார். 8 வயதுக்கும் 57 அங்குலத்துக்கும் கீழே இருந்தால், வார் சீட்டின் வரம்பைத் தாண்டிய பிறகே பூஸ்டர்.

கலிஃபோர்னியாவில் 2 வயதுக்குக் கீழே பின்னோக்கிய சீட். 40 பவுண்டு எடையோ 40 அங்குல உயரமோ எட்டியிருந்தால் விலக்கு. 8 வயது அல்லது 4 அடி 9 அங்குலம் வரை கார் சீட்டோ பூஸ்டரோ வேண்டும், அதுவும் பின் இருக்கையில். நியூயார்க்கில் 2019 நவம்பர் முதல் 2 வயது வரை பின்னோக்கிய சீட், 8ஆம் பிறந்தநாள் வரை ஏதாவதொரு குழந்தை சீட்.

டெக்சாஸ் சட்டம் சுருக்கமானது, அதனாலேயே தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. 8 வயதுக்குக் கீழே, 4 அடி 9 அங்குலத்தைத் தாண்டாத பிள்ளைக்குச் சீட் வேண்டும் என்கிறது. எந்த வயது வரை பின்னோக்கி என்று சொல்வதில்லை. ஆனால் சீட்டைத் தயாரிப்பாளரின் அறிவுரைப்படி பயன்படுத்த வேண்டும் என்ற வரி அதில் இருக்கிறது. ஆகவே சீட்டோடு வரும் கையேடே அங்கே சட்டத்தின் பகுதியாகிவிடுகிறது. டல்லஸிலும் ஹூஸ்டனிலும் இருக்கும் நண்பர்களே, அந்தச் சிறு புத்தகத்தைத் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மிகவும் கண்டிப்பான சட்டங்களில் ஒன்று வாஷிங்டன் மாநிலத்துடையது. 2020 முதல் அங்கே 4 அடி 9 அங்குலம் வளரும் வரை பூஸ்டர். வயதைச் சொல்லித் தப்பிக்க முடியாது. 13 வயதுக்குக் கீழே, முடிந்தவரை பின் இருக்கைதான்.

என் மகனுக்கு எட்டு நடக்கிறது. பூஸ்டரை எடுத்துவிடலாமா?

கூடாது. "எட்டு நடக்கிறது" என்று நாம் சொன்னால் ஏழு முடிந்திருக்கிறது என்று பொருள். இங்குள்ள சட்டம் முடிந்த வயதைத்தான் கணக்கில் எடுக்கும். 8 வயது வரை என்றால் எட்டாவது பிறந்தநாள் வரை. ஊரில் வயது சொல்லும் பழக்கத்தினால் ஒரு முழு ஆண்டு முன்னதாகவே பூஸ்டரை நிறுத்திவிட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

எட்டு முடிந்தாலும் ஒரு சோதனை செய்து பாருங்கள். பிள்ளையைக் காரின் பின் இருக்கையில் பூஸ்டர் இல்லாமல் உட்கார வையுங்கள். முதுகு இருக்கையோடு ஒட்டியிருக்க வேண்டும். முழங்கால் இருக்கையின் விளிம்பில் மடிய வேண்டும். இடுப்புப் பட்டை தொடையின் மேல்பகுதியில் படிய வேண்டும், வயிற்றில் அல்ல. தோளில் வரும் பட்டை நெஞ்சின் குறுக்கே வர வேண்டும், கழுத்தை உரசக்கூடாது. பயணம் முடியும் வரை சரியாமல் அப்படியே இருக்க முடிய வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் பூஸ்டர் தேவை. வயிற்றில் ஏறிய பட்டை மோதலின்போது குடலையும் முதுகெலும்பையும் காயப்படுத்திவிடும். பல பிள்ளைகளுக்கு 10, 11 வயது வரைகூட இந்தச் சோதனை தேறாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பிள்ளையிடமும் சொல்லுங்கள்.

முன் இருக்கையில் எப்போது உட்காரலாம்?

மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கலிஃபோர்னியா, ஜார்ஜியா இரண்டிலும் 8 வயதுக்குக் கீழே பின் இருக்கைதான். 12 வயது முடியும் வரை எல்லாப் பிள்ளைகளும் பின்னால் உட்காருவதே நல்லது என்பது மருத்துவர்களின் அறிவுரை. பின்னோக்கிய சீட்டை மட்டும் இயங்கும் ஏர்பேக்குக்கு முன்னால் ஒருபோதும் வைக்காதீர்கள். ஏர்பேக் விரியும் வேகத்தில் சீட்டின் முதுகை அடிக்கும். குழந்தையின் தலை அங்கேதான் இருக்கிறது.

அபராதம் எவ்வளவு? யார் கட்ட வேண்டும்?

நியூ ஜெர்சியில் 50 முதல் 75 டாலர். டெக்சாஸில் 25 முதல் 250 டாலர், அதற்கு மேல் நீதிமன்றச் செலவு. ஃபுளோரிடாவில் 60 டாலரோடு ஓட்டுநர் உரிமத்தில் 3 குற்றப் புள்ளிகள். கலிஃபோர்னியாவில் முதல் முறைக்கு அடிப்படை அபராதம் 100 டாலர். கட்டணங்கள் சேர்ந்தால் அது பல மடங்காகிவிடும். பெரும்பாலான மாநிலங்களில் பொறுப்பு காரை ஓட்டுகிறவருடையது. கலிஃபோர்னியாவில் பெற்றோர் காரில் இருந்தால் வேறொருவர் ஓட்டினாலும் அபராத டிக்கெட் பெற்றோருக்கு வரும். நண்பர் வீட்டுப் பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கு ஏற்றிப்போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பெற்றோர் காரில் இல்லையென்றால் பொறுப்பு உங்களுடையது.

டாக்சி, ஊபர், வாடகைக் கார்?

வாடகைக் கார் சொந்தக் காரைப் போலத்தான், சீட் கட்டாயம். டாக்சிக்குச் சில இடங்களில் விலக்கு உண்டு. நியூயார்க் நகரத்து மஞ்சள் டாக்சியில் 7 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. விலக்கு இருக்கிறதே என்பதற்காக மோதலின் விசை குறைந்துவிடாது. நாங்கள் நகரத்துக்குப் போகும்போது ரயிலில்தான் போகிறோம். ஊபர் ஓட்டுநர் சீட் இல்லாத குழந்தையை ஏற்ற மறுத்தால் அவரிடம் சண்டை போடாதீர்கள். அவர் செய்வது சரி.

பழைய சீட்டை வாங்கலாமா? ஊரிலிருந்து கொண்டு வரலாமா?

நம் குடும்பங்களுக்கிடையே தொட்டிலும் நடைவண்டியும் கைமாறுவது நல்ல வழக்கம். கார் சீட்டில் மட்டும் கவனம் தேவை. ஒவ்வொரு சீட்டின் அடியிலோ பின்புறத்திலோ தயாரித்த தேதியும் காலாவதி விவரமும் இருக்கும். வழக்கமாக 6 முதல் 10 ஆண்டுகள். வெயிலிலும் குளிரிலும் பிளாஸ்டிக் நைந்துபோகும். ஓரளவு பெரிய விபத்தில் இருந்த சீட்டை மறுபடி பயன்படுத்தக்கூடாது, வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாவிட்டாலும். அதனால் முழு வரலாறும் தெரிந்த நெருங்கியவரிடமிருந்து மட்டும் வாங்குங்கள்.

இந்தியாவில் வாங்கிய சீட்டை இங்கே பயன்படுத்த முடியாது. அமெரிக்கத் தரவிதிக்கு உட்பட்டது என்ற முத்திரை அதில் இருக்காது.

சரியாகப் பொருத்தியிருக்கிறோமா என்று எப்படித் தெரியும்?

அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் ஆய்வு ஒன்றில் 46 சதவீத சீட்டுகள் ஏதோ ஒரு வகையில் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தன. ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. எங்கள் சீட்டும் அப்படித்தான் இருந்தது.

பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்பு, பயிற்சி பெற்ற ஒருவர் இலவசமாகச் சோதித்துத் தருவார் என்று கேள்விப்பட்டு ஒரு தீயணைப்பு நிலையத்துக்குப் போனோம். என் கணவர் முந்தைய இரவு ஒரு மணி நேரம் வியர்க்க வியர்க்கப் பொருத்தியிருந்தார். அந்தப் பெண்மணி பெல்ட் நுழையும் இடத்தில் சீட்டைப் பிடித்து இடவலமாக ஆட்டினார். கையகலம் நகர்ந்தது. ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக்கூடாது. பிறகு தன் முழங்கையை சீட்டின் நடுவில் ஊன்றி, உடம்பின் எடையைக் கொடுத்துக்கொண்டே பட்டையின் நுனியை இழுத்தார். கிறீச்சென்று ஒரு சத்தம். அதன்பின் சீட்டை ஆட்டினால் கார்தான் ஆடியது. பிறகு எல்லாவற்றையும் கழற்றி எங்கள் கையில் கொடுத்து, "இப்போது நீங்கள் செய்யுங்கள்" என்றார். நாங்களே செய்து காட்டும் வரை அவர் விடவில்லை.

அன்று கற்றதைச் சொல்கிறேன். பின்னோக்கிய சீட்டில் தோள் வார் தோளின் மட்டத்திலோ அதற்குக் கீழேயோ தொடங்க வேண்டும். முன்னோக்கிய சீட்டில் தோளின் மட்டத்திலோ மேலேயோ. வாரை இறுக்கியபின் தோளருகே இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். துணி மடிந்து விரலில் சிக்கினால் இன்னும் தளர்வாக இருக்கிறது. இரண்டு தோள் வார்களையும் இணைக்கும் நெஞ்சுக் கிளிப் அக்குள் உயரத்தில் இருக்க வேண்டும். நம்மவர்கள் பலர் அதைத் தொப்புள் வரை இறக்கிவிடுகிறார்கள். முன்னோக்கிய சீட்டின் உச்சியிலிருந்து வரும் மேல் வாரைக் காரில் மாட்ட மறக்காதீர்கள். தலை முன்னால் வீசப்படும் தூரத்தை அதுதான் குறைக்கிறது. குழந்தையின் கழுத்துக்கு அடியிலோ முதுகுக்குப் பின்னாலோ துணி உருட்டி வைப்பதும், தனியாக விற்கும் மெத்தைகளைச் சேர்ப்பதும் வேண்டாம்.

குளிர்காலத்தில் தடித்த கோட்டோடு கட்டலாமா?

கட்டக்கூடாது. வீட்டில் ஒருமுறை செய்து பாருங்கள். கோட்டைப் போட்டு வாரை நன்றாக இறுக்குங்கள். வாரைத் தளர்த்தாமல் பிள்ளையை வெளியே எடுத்து, கோட்டைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார வையுங்கள். வாருக்கும் நெஞ்சுக்கும் இடையே உங்கள் கை முழுதாக நுழையும். மோதும்போது கோட்டின் பஞ்சு நசுங்கி அந்த இடைவெளிதான் மிஞ்சும். மெல்லிய ஸ்வெட்டரோடு கட்டிவிட்டு, மேலே போர்வையைப் போர்த்துங்கள்.

பள்ளிப் பேருந்தில் ஏன் குழந்தை சீட் இல்லை?

பெரிய மஞ்சள் பேருந்துகளில் உயரமான, மெத்தை வைத்த இருக்கைகள் நெருக்கமாக அமைக்கப்பட்டிருக்கின்றன. மோதலில் பிள்ளையைத் தாங்குவதற்கென்றே செய்த அமைப்பு அது. அதைப் பார்த்துக் காருக்கும் தேவையில்லை என்று முடிவு செய்துவிட வேண்டாம்.

ஊருக்குப் போகும்போது என்ன செய்வது?

ஐந்து முனை வார் கொண்ட சீட்டில், விமானத்திலும் பயன்படுத்தலாம் என்று சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருந்தால் அதை விமான இருக்கையிலேயே வைத்துக்கொள்ளலாம். குழந்தைக்குத் தனி டிக்கெட் எடுத்திருக்க வேண்டும். பூஸ்டரை விமானம் மேலெழும்பும்போதும் தரையிறங்கும்போதும் பயன்படுத்த முடியாது.

இந்தியாவிலும் சட்டம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான சீட்டோ இல்லாமல் பயணித்தால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. சென்ற முறை ஊருக்குப் போனபோது சென்னை விமான நிலையத்துக்கு வந்திருந்த காரின் பின் இருக்கையில் சீட்டைப் பொருத்த எங்களுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. ஓட்டுநர் பொறுமையாகக் காத்திருந்தார். பொருத்தி முடித்ததும் அம்மா குனிந்து, மகளின் தோளருகே வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் இழு" என்றார்.